பேரில் முன்பாதி

ஹுசைன் பீயின் பெயர் பால் சங்கத்து உறுப்பினர் பட்டியலில் இல்லை என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. நான்கு எருமைகளை வைத்துக்கொண்டு, தானே புல் அறுத்து, தானே கறந்து, மழையானாலும் வெயிலானாலும் கேனைத் தூக்கிக்கொண்டு போய் ஊற்றுகிறவள் அவள். அவளே உறுப்பினர் இல்லை என்றால் அந்தச் சங்கத்தில் வேறு யார்தான் உறுப்பினர்?

சிரிப்பு நிலைக்கவில்லை. அந்தப் பட்டியலை அச்சடித்துக் கொடுத்ததே நாங்கள்தான்.

நாங்கள் என்றால் முருகையன் சாரும் நானும். செஞ்சி காந்தி பஜாரில் மாடியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தார் முருகையன். எண்பத்தெட்டாம் வருடம் எங்கேயோ பேப்பரில் படித்துவிட்டு, பேங்கில் கடன் வாங்கி ஒரு கம்ப்யூட்டரை இறக்கினார். ஊரில் அதுதான் முதல் கம்ப்யூட்டர் என்று அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொள்வார். டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்து, பாண்டிச்சேரியில் மூன்று மாதம் கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டு வந்திருந்ததால் சாகிரா என்கிற என்னை வேலைக்கு வைத்தார். ஆனால் பெட்டியைத் தொடவிட அவருக்கு மனசு வராது. வெள்ளிக்கிழமை தவறாமல் அதன் நெற்றியில் சந்தனம் வைப்பார். கோளாறு வந்தால் அதை விட்டுவிட்டு என்னைத் திட்டுவார்.

இந்த மாதிரி ஆளிடம்தான் பால் சங்கம் தன் உறுப்பினர் பதிவேட்டைக் கொடுத்திருந்தது. பாண்டிச்சேரியிலிருந்து ஒருவர் வந்து, டிபேஸ் என்கிற மென்பொருளில் அதற்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். சேர், தேடு, நீக்கு, அச்சிடு என்று திரையில் நான்கு வரி வரும். அதில் ஒன்றை அமுக்கினால் போதும். எழுதிக் கொடுத்தவர் பிறகு பம்பாய்க்குப் போய்விட்டார். விலாசம்கூடக் கிடையாது.

அன்று பகல் சாப்பாட்டுக்கு முன்னால் ஹுசைன் பீ மாடியேறி வந்தாள். எங்கள் தெருதான். எனக்குச் சித்தி முறை ஆகவேண்டும், சாச்சி என்று கூப்பிடுவேன். மூச்சு வாங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றாள்.

"சாகிரா, நான் உசுரோட இருக்கறனா இல்லியா, நீயே பாத்துச் சொல்லுமா."

"இன்னா சாச்சி, இன்னா ஆச்சு?"

"நாமினேசன் குடுக்கப் போனேன். உம் பேரே லிஸ்ட்ல இல்ல, கம்ப்யூட்டர்ல இல்லன்னா இல்லதான்னு அந்த ஆபீசரு சொல்றாரு. மூணு மணியோட முடியுதாம்."

சங்கத்துக்கு நிர்வாகக் குழுத் தேர்தல். பெண்களுக்கென்று ஓர் இடம் இருந்தது. சாச்சி அதற்கு நிற்கப்போவது தெருவுக்கே தெரியும். எங்கள் பக்கத்துப் பெண்கள் கேனைச் சுமந்துகொண்டு திருவண்ணாமலை ரோட்டைத் தாண்டித்தான் பால் ஊற்றப் போகவேண்டும். லாரியும் பஸ்ஸுமாகப் பறக்கிற ரோடு. இந்தப் பக்கம் ஒரு கொள்முதல் இடம் திறங்கள் என்று மூன்று வருடமாகக் கேட்டும் ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போன தீபாவளிச் சமயத்தில் பஸ்ஸுக்குப் பயந்து ஓடி விழுந்து மாரியம்மாள் கையை உடைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான், வெளியே நின்று கேட்டது போதும், உள்ளே போய் உட்கார்ந்து கேட்கிறேன் என்று சாச்சி கிளம்பினாள். கணவர் இறந்து ஆறேழு மாதம்கூட ஆகாத நேரம். இத்தா என்று நான்கு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்துவிட்டு வெளியே வந்தவள் முதலில் எடுத்த காரியம் இதுதான்.

முருகையன் சார் சட்டையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். 'தேடு' என்பதை அமுக்கி அவள் பெயரை அடித்தார். இல்லை என்று வந்தது. இன்னொரு முறை அடித்தார். மறுபடியும் இல்லை.

"மெசின் தப்பு பண்ணாதும்மா. நீங்க மெம்பரா இருந்தது நிச்சயமா?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், போன வருசம் இவங்க பேரை ரிஜிஸ்டரப் பாத்து நான்தான் அடிச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது."

"அப்ப எங்க போச்சு?"

சாச்சி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. நான் நிக்கக் கூடாதுன்னு சங்கத்து செகரட்டரி ஏதாச்சும் சொல்லி எடுக்க வச்சாரா?"

முருகையன் சார் முகம் சுண்டிப்போனது. கம்ப்யூட்டரைச் சாமியாக நினைக்கிறவர் என்றாலும், காசு வாங்கிக்கொண்டு இப்படிச் செய்கிற ஆள் இல்லை. "எங்கொழந்தைங்க மேல சத்தியமா இல்லம்மா" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இப்ப புதுசாச் சேத்துடு. ரெண்டு நிமிசம்" என்றார்.

"புதுசாச் சேத்தா புது மெம்பருன்னு ஆயிடும் சார். ஒரு வருசம் ஆனாத்தான் எலக்சன்ல நிக்கலாம்" என்றேன். இந்த விதி சாச்சிக்கும் தெரிந்திருந்தது. அவள் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

தேர்தல் அதிகாரி இராமச்சந்திரன் சாப்பிட்டுவிட்டு நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தாராம். அவர் வருவதற்குள் ஏதாவது கண்டுபிடிக்க வேண்டும். எப்படி என்று எனக்கும் தெரியாது. அந்த நான்கு வரி மெனுவிலேயே சுற்றிக்கொண்டிருந்தால் ஒன்றும் ஆகாது என்பது மட்டும் தெரிந்தது. கல்லாவுக்கு வெளியே நின்று கேட்டால் கடைக்காரன் கொடுப்பதைத்தானே வாங்க முடியும்.

"சார், நான் புரோகிராமை விட்டு வெளிய வரேன்."

"வெளியன்னா?"

"மெனு இல்லாம. வெறும் கட்டளை போடற எடத்துக்கு."

"ஏதாச்சும் ஆச்சுன்னா?"

"ஆனதே போதாதா சார்?"

அவர் எழுந்து இடம் கொடுத்தார். அந்த நாற்காலியில் அவர் இருக்கும்போதே நான் உட்கார்ந்தது அன்றுதான்.

மெனுவை மூடியதும் கறுப்புத் திரையில் ஓர் எழுத்தும் ஓர் அம்புக்குறியும் மட்டும் நின்று மினுக்கியது. எனக்கு அங்கே தெரிந்த கட்டளைகள் ஐந்தாறுதான். முதலில் என்னென்ன ஃபைல்கள் இருக்கின்றன என்று கேட்டேன். புரோகிராம் ஃபைல்கள், உறுப்பினர் ஃபைல், வரிசைப்படுத்தும் ஃபைல் என்று எல்லாம் வந்தன. கடைசிப் பக்கம் சின்னதாக ஒன்று இருந்தது. கான்ஃபிக் என்று பெயர். பாண்டிச்சேரியில் வாத்தியார் போகிற போக்கில் சொன்னது நினைவுக்கு வந்தது. டிபேஸ் கண் விழித்ததும் முதலில் இதைத்தான் படிக்கும், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இதில்தான் எழுதியிருக்கும் என்று.

'டைப்' என்று அடித்து, இடம் விட்டு, அந்த ஃபைலின் பெயரை அடித்தேன். டைப் என்பது ஒன்றையும் மாற்றாது. ஃபைலில் இருப்பதை அப்படியே திரையில் காட்டும், அவ்வளவுதான். முருகையன் சாருக்கு அதைச் சொன்ன பிறகுதான் மூச்சே வந்தது.

ஐந்தாறு வரிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு வார்த்தை, ஒரு சமக்குறி, ஆன் அல்லது ஆஃப். வீட்டு சுவிட்சுப் பலகையைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. எந்த சுவிட்சு எதற்கு என்பதுதான் தெரியவில்லை. பீரோவிலிருந்து ஜெராக்ஸ் எடுத்த புத்தகத்தைக் கொண்டுவந்து ஒவ்வொரு வார்த்தையாகத் தேடினேன்.

'டாக்' ஆஃப். ஒரு கட்டளை போட்டால் என்ன செய்தேன், எத்தனை பதிவில் செய்தேன் என்று கம்ப்யூட்டர் பதில் சொல்லும். அந்தப் பேச்சை நிறுத்தி வைத்திருந்தார் புரோகிராம் எழுதியவர். திரை அசிங்கமாகிவிடுமாம்.

'டெலிடட்' ஆன். இதைப் படிக்க எனக்கு நேரம் பிடித்தது. டிபேஸில் ஒரு பதிவை நீக்கினால் அது உடனே அழிந்துபோகாது. பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி விழும், அவ்வளவுதான். இந்த சுவிட்சு ஆனில் இருந்தால் நட்சத்திரம் விழுந்தவற்றைத் தேடினாலும் காட்டாது, அச்சிலும் வராது. 'பேக்' என்று இன்னொரு கட்டளை போட்டால்தான் நிஜமாகவே தொலைந்துபோகும்.

"சார், பேக் பண்ணீங்களா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. நான் மெனுவத் தாண்டிப் போனதே இல்லியே."

அவருடைய பயபக்தியால் விளைந்த ஒரே நன்மை அதுதான்.

அடுத்த வரி 'எக்ஸாக்ட்' ஆஃப். இதற்குப் புத்தகம் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. முருகையன் சாரே சொன்னார். "அது நான் கேட்டு வாங்கினது. முழுப் பேரும் அடிச்சாத்தான் தேடும்னா கை வலிக்குது. மொதோ நாலு எழுத்து அடிச்சாலே எடுத்துக் குடுக்கற மாதிரி பண்ணுங்கன்னு சொன்னேன். பண்ணிட்டாரு."

"தேடறதுக்கு மட்டுமா, நீக்கறதுக்கும் சேத்தா?"

சுவிட்சு ஒன்றுதான், இரண்டுக்கும் சேர்த்துத்தான் இருக்க வேண்டும்.

டிபேஸைத் திறந்து, மெனுவுக்குப் போகாமல், டெலிடட் சுவிட்சை அப்போதைக்கு ஆஃப் செய்துவிட்டு, நட்சத்திரம் விழுந்தவற்றைக் காட்டு என்றேன். மூன்று பதிவுகள் வந்தன. ஹுசைன். ஹுசைன் பீ. ஹுசைன் பாஷா. ஹுசைன் பாஷா எருமையை விற்றுவிட்டு மெட்ராசுக்குப் போனவர். பட்டியலில் பெயர் போனது அவருக்கு இன்றுவரை தெரிந்திருக்காது.

"சாச்சி, பேரு இருக்குது! பழைய நம்பரோட அப்டியே இருக்குது!"

அவள் ஓடிவந்து திரையைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்க வராது. நான் விரல் வைத்துக் காட்டிய இடத்தைத் தானும் விரலால் தொட்டாள். முருகையன் சார் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க 'நீக்கு' போட்டப்ப இன்னா பேரு அடிச்சீங்க?"

"நீ இல்லாத நாள்ல இந்தம்மா வந்தாங்க. அவங்க சொன்னதத்தான் அடிச்சேன்" என்றார் அவர். "வூட்டுக்காரர் தவறிட்டாரு, பேரை எடுத்துடுங்கன்னு வந்தாங்க. பாஸ்புக்கு எடுத்தாரல, நம்பர் தெரியல. சரி, பேரு இன்னாம்மான்னு கேட்டேன். சொல்லல. மறுபடி கேட்டேன். எம் பேர்ல முன்பாதிதாங்க அவரு பேருன்னாங்க."

சாச்சி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "வேற எப்டிமா சொல்றது? அவரு பேரை நான் எப்டி என் வாயால சொல்லுவேன்?"

ஹுசைனும் ஹுசைன் பீயும் என்று எங்கள் தெருவில் கேலி உண்டு. நிக்காஹ் முடிந்த நாளிலிருந்து இருந்த கேலி. அவர் இவளைக் கூப்பிட்டால் தன்னையே கூப்பிட்டுக்கொள்கிறார் என்பார்கள். இவள் அவரைக் கூப்பிட்டதே இல்லை. 'இந்தாங்க' என்பாள், 'ஒங்களத்தான்' என்பாள், இல்லாவிட்டால் பாத்திரத்தைத் தட்டுவாள். எங்கள் வீடுகளில் பெரியவர்கள் எல்லோருமே அப்படித்தான். அதனால் எனக்கு ஆச்சரியமாக இல்லை. முருகையன் சாருக்கும் இல்லை, அவர் வீட்டிலும் அதே கதைதான். ஆச்சரியப்படத் தெரியாத கம்ப்யூட்டர் மட்டும் சொன்னதை அப்படியே செய்திருக்கிறது. ஹுசைன் என்று தொடங்குகிற எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் போட்டது. மூன்று பேரைத் தூக்கினேன் என்று அது சொல்லியிருக்கும். டாக்தான் ஆஃபில் இருந்ததே.

"அவரு பேரை எடுக்கச் சொல்லப்போயி எம் பேரையும் எடுத்துக்கிட்டேனா நானு" என்றாள் சாச்சி. யாரையும் குற்றம் சொல்கிற குரல் இல்லை அது. அதுதான் எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது.

அதிகாரி இராமச்சந்திரன் வந்தபோது திரையில் மூன்று பெயர்களும் நட்சத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தன. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். நடந்ததை நான் சொன்னேன். அவசரத்தில் முன்னும் பின்னுமாகச் சொல்லியிருப்பேன். மனிதர் பொறுமையாகக் கேட்டார்.

"அந்த கான்ஃபிக் ஃபைலை நான் பாக்கணும்" என்றார்.

மறுபடியும் வெளியே வந்து டைப் கட்டளை போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் புத்தகத்தில் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் வைத்தேன். படித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

"சரி. இவங்க பேரை நீங்க இப்ப நுழைக்கல, ஏற்கனவே இருந்ததுன்னு தெரியுது. ஒத்துக்கறேன். ஆனா லிஸ்ட் ஒழுங்கா இருந்தாத்தான் கையெழுத்துப் போடுவேன். மொதல்ல ஃபைலைச் சரி பண்ணுங்க. பண்ணதக் காட்டுங்க. அப்பறம் எடுத்த பேரு அத்தனையும் பழையபடி கொண்டாங்க. யாரை எடுக்கணுமோ அவரை மட்டும் என் கண்ணு முன்னாடி எடுங்க. செத்தவர் பேரு லிஸ்ட்ல இருந்தா நாளைக்கு எதிர்க்கட்சிக்காரன் என்னைத்தான் கேப்பான்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒன்றும் கிடைக்கவில்லை.

ஃபைலைப் புதிதாக எழுதினேன். டாக் ஆன். எக்ஸாக்ட் ஆன். மற்றதெல்லாம் பழையபடி. எழுதி முடித்து டைப் போட்டுக் காட்டினேன். முருகையன் சார் தானும் எட்டிப் பார்த்து, எக்ஸாக்ட் என்ற வரியை வாய்விட்டுப் படித்தார். "இனிமே முழுசா அடிச்சிக்கறேன், கை வலிச்சாலும் பரவால்ல" என்றார். பாவமாக இருந்தது, கோபமும் தீரவில்லை.

டிபேஸைத் திறந்து, டெலிடட் சுவிட்சை மறுபடி அப்போதைக்கு ஆஃப் செய்துவிட்டு, நீக்கியவற்றையெல்லாம் மீட்டேன். இப்போது அது வாயைத் திறந்து மூன்று பதிவுகள் மீட்கப்பட்டன என்று சொன்னது. திரையில் நட்சத்திரங்கள் போய்விட்டன. ஹுசைன், ஹுசைன் பீ, இருவரும் அடுத்தடுத்த வரியில் நின்றார்கள்.

"ரெண்டு பேரும் இருக்கறமா?" என்று கேட்டாள் சாச்சி.

"இருக்கறீங்க சாச்சி."

"இப்ப அவரை எடுக்கணும்" என்றார் அதிகாரி. "பேரைச் சொல்லுங்கம்மா."

சாச்சி என்னைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும் சார். நான் அடிக்கிறேன்" என்றேன்.

"உங்களுக்குத் தெரியும். போன தடவை அவருக்கும் தெரிஞ்சுதான் அடிச்சாரு. விண்ணப்பம் இவங்களோடது. இன்னாரை எடுங்கன்னு இவங்க முழுசாச் சொல்லணும். பாதி, முன்பாதியெல்லாம் வேணாம்."

"அவங்க சொல்ல மாட்டாங்க சார். எழுதவும் தெரியாது. நீங்க பேரைச் சொல்லுங்க, அவங்க ஆமான்னு தலையாட்டட்டும்."

"நான் சொல்லி அவங்க தலையாட்டினா, அது நான் சொன்னதாத்தான் ஆகும்."

அந்த ஆளைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது எனக்கு. கெட்டவர் இல்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை. பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தார். முருகையன் சார் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு சாச்சியைப் பார்த்தார், பிறகு மின்விசிறியைப் பார்த்தார்.

சாச்சி எழுந்து நின்றாள். முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டாள். எங்கள் யாரையும் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்து நின்றாள். இரண்டு முறை வாய் திறந்து மூடியது.

"ஹுசைன்" என்றாள்.

மெதுவாகச் சொல்லவில்லை. பக்கத்து அறையில் இருக்கிறவரைக் கூப்பிடுகிற குரலில் சொன்னாள். சொல்லிவிட்டுச் சற்று நேரம் அப்படியே நின்றாள். யாராவது என்ன என்று கேட்பார்கள் என்பது போல.

எனக்கு எழுத்துகள் கலங்கின. தப்பாக அடித்துவிடுவேனோ என்று பயந்து, ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்தேன். முடித்துவிட்டு அதிகாரியைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். என்டர் தட்டினேன்.

ஒரு பதிவு நீக்கப்பட்டது என்று வந்தது.

"எத்தனை?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒண்ணுதான் சார்."

அச்சு இயந்திரம் கரகரவென்று ஓடி முடிந்தது. சாச்சியின் பெயர் இருந்த பக்கத்தை அதிகாரி கண்ணால் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். "சீக்கிரம் போங்கம்மா. நானும் பின்னாடியே வரேன்" என்றார். அவர் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நான் சாச்சியோடு படி வரைக்கும் போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் அழவில்லை. கையெழுத்துப் போட்ட பக்கத்தை நான்காக மடித்து ஜாக்கெட்டில் வைத்துக்கொண்டாள்.

"முப்பது வருசமாக் கூப்டல சாகிரா. மொதோ தடவ கூப்டது, நீங்க போங்கன்னு சொல்றதுக்கு" என்றாள்.

பிறகு மூன்று மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று வேகமாகப் படியிறங்கினாள்.